இரண்டாம் அறையின் இருட்டு

இது என் அக்காவுக்கு நடந்தது. "சும்மா கதை விடாதே" என்று சொல்பவர்கள் என் அக்காவைப் பார்த்ததில்லை. பேய்ப் படம் ஓடும்போது நாங்கள் எல்லாரும் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருப்போம். அவள் மட்டும், "அந்த லைட்டுக்குப் போற வயர் சுவத்துல தெரியுது பாரு, சரியா மறைக்கலை" என்பாள். அப்படிப்பட்டவள், இந்த ஒரு விஷயத்தைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வாள். நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒருமுறைகூட எதையும் கூட்டிச் சொன்னதில்லை, குறைத்துச் சொன்னதும் இல்லை. அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். நம்புவது உங்கள் பாடு.

அக்காவுக்குத் தொழில் மின்சார பேனல் செய்வது. மோட்டார், விளக்கு, லிஃப்ட் எதுவானாலும், அதை எப்போது ஓட்ட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்யும் இரும்புப் பெட்டி இருக்கிறதே, அதைச் செய்பவள். பெண் என்பதற்காக ஆரம்பத்தில் வேலை கொடுக்கத் தயங்கினவர்கள்கூட, பிறகு அவள் வந்தால்தான் ஆச்சு என்று காத்திருப்பார்கள். ஒரு நாள் பூ வளர்க்கிற முதலாளி ஒருவர் போன் செய்தார்.

"ரிலே மாத்தி மாத்தி அலுத்துப் போச்சு மேடம். போட்ட மூணும் ஒட்டிக்கிச்சு. நீங்களே வந்து பார்த்து, எது தாங்குமோ அதைப் போட்டுக் கொடுத்துடுங்க."

முன்பு குளிர்பதனக் கிடங்காக இருந்த கட்டடம் அது. உள்ளே ஒரு நடை. நடையின் இரண்டு பக்கமும் ஜன்னலே இல்லாத இரண்டு பெரிய அறைகள். இரண்டிலும் வெள்ளைச் சாமந்தி. மேலே வரிசையாக ராட்சத விளக்குகள். வெயிலுக்குப் பதில் அந்த விளக்குகள்தான்.

சாமந்திக்கு ஒரு குணம் உண்டு. ராத்திரி நீளமாக இருந்தால்தான் மொட்டு வைக்கும். இருட்டில் தூங்கும்போது நடுவில் வெளிச்சம் பட்டுக்கொண்டே இருந்தால் கோபித்துக்கொள்ளும். இலை இலையாக வளர்ந்துகொண்டு போகுமே தவிர, பூ வராது. அதனால் முதலாளி ஒரு கணக்குப் போட்டிருந்தார். விளக்குகளை எரிய வைக்கும் சோக் பெட்டிகள் ஒரே ஒரு செட். பகல் பொழுதில் அவை முதல் அறைக்கு. மாலை ஆறு மணிக்கு மேல் இரண்டாம் அறைக்கு. ஒரு அறைக்குப் பகல் என்றால் இன்னொன்றுக்கு ராத்திரி. வெளியே கொளுத்துகிற வெயிலில் நீங்கள் இரண்டாம் அறைக்குள் போனால், உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது.

இந்த மாற்றத்தைச் செய்வதுதான் ரிலே. உள்ளே ஒரு சுருள், ஒரு இரும்பு நாக்கு. சுருளுக்குக் கரண்டு வந்தால் நாக்கை இழுக்கும். 'டக்' என்று ஒரு சத்தம். அந்தப் பக்கம் எரியும். கரண்டு நின்றால் ஸ்பிரிங் நாக்கை விடும். 'டக்'. அணைந்துவிடும்.

"ஒட்டிக்கிட்டா என்ன ஆகுது?" என்று கேட்டாள் அக்கா.

"ரெண்டாவது ரூமுக்கு இருட்டு வேணுங்கிற நேரத்துல லைட்டு எரியுது. கொஞ்ச நேரம் எரிஞ்சு அதுவே அணைஞ்சுடுது. ஒரு நாளைக்கு எத்தனை வாட்டின்னு யாருக்குத் தெரியும்? பூவே வரலை. போன சீசனும் போச்சு, இதுவும் போச்சு."

முதலாளி ஐம்பதைத் தாண்டியவர். வாட்டசாட்டமான ஆள். பேசிக்கொண்டே நடையைக் கடந்தவர், இரண்டாம் அறைக் கதவு வந்ததும் மட்டும் சுவரோரமாக ஒதுங்கி நடந்தார். அக்கா அதைக் கவனித்தாள்.

கெட்டுப்போன மூன்று ரிலேயையும் வாங்கி மேசைமேல் வைத்துப் பிரித்தாள். இந்த மாதிரி விளக்குகள் எரிய ஆரம்பிக்கிற அந்த ஒரு நொடியில், பட்டினி கிடந்தவன் மாதிரி கரண்டைக் குடிக்கும். சின்ன ரிலே அதைத் தாங்காது. உள்ளே பொறி பறக்கும், உலோகம் உருகும், முனைகள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். பிரித்துப் பார்த்தால் கரிப்பிடித்துக் கிடக்கும். அக்கா அப்படி எத்தனையோ பார்த்திருக்கிறாள்.

இந்த மூன்றிலும் கரி இல்லை.

முனைகள் புதுசு போல மின்னின. உருகவில்லை, பற்றவில்லை. ஆனாலும் சேர்ந்தே இருந்தன. அக்கா நகத்தால் நெம்பினாள். யாரோ உள்ளிருந்து அழுத்திப் பிடித்திருப்பது போல முரண்டு பிடித்தது. பிறகு சட்டென்று விட்டது. அப்பாடா என்று கீழே வைக்கப் போனாள்.

டக்.

அவள் உள்ளங்கையிலேயே, ஒரு வயர்கூட இல்லாமல், அது மறுபடியும் மூடிக்கொண்டது.

ஸ்பிரிங் கோளாறு என்று சொல்லிக்கொண்டாள். மற்ற இரண்டையும் நெம்பிப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று நான் கேட்டதற்கு, "வேலை இருந்தது" என்றாள்.

எதைப் போடுவது என்று அவளும் முதலாளியும் உட்கார்ந்து பேசினார்கள். அசையும் பாகமே இல்லாத எலக்ட்ரானிக் ரிலே போட்டால் என்ன என்றார் முதலாளி. சத்தமே வராதாமே என்றார். அந்தச் சத்தம்தான் அவருக்குப் பிடிக்கவில்லை போலிருந்தது.

"அது வேண்டாம் சார். அது செத்தா பெரும்பாலும் ஆன்லயே செத்துப்போகும். அணைஞ்சிருக்கும்போதும் கொஞ்சம் கசியும். உள்ள வேலை பார்க்கிறவங்க கரண்டு இல்லைன்னு நினைச்சுக் கை வைப்பாங்க."

முதலாளி தண்ணீர் எடுத்துக் குடித்தார்.

அக்கா முடிவு செய்தது இதுதான். ரிலே வகையிலேயே பெரிய அண்ணன் ஒன்று உண்டு, கான்டாக்டர் என்பார்கள். எவ்வளவு பொறி பறந்தாலும் தாங்கும். அதில் இரண்டு. இடது பக்கத்தது முதல் அறைக்கு, வலது பக்கத்தது இரண்டாம் அறைக்கு. இரண்டுக்கும் நடுவில் ஒரு பூட்டு நாக்கு. இடது உள்ளே போனால், வலது உள்ளே போக வழியே கிடையாது. கரண்டு தவறாக வந்தாலும் சரி, யாராவது கையால் அழுத்தினாலும் சரி, நாக்கு குறுக்கே நிற்கும். போதாததற்கு, இரண்டாம் அறைக்கென்று தனியாக ஒரு கைப்பிடி ஸ்விட்ச். அதை அணைத்து, துளையில் ஒரு பூட்டைப் போட்டுவிட்டால், கான்டாக்டர் இழுத்தாலும் அறைக்குள் கரண்டு போகாது.

"இதுக்கு எதுக்குப் பூட்டு?" என்றார் முதலாளி.

"உள்ள போற ஆள் பூட்டிட்டு, சாவியைத் தன் பையில போட்டுட்டுப் போகணும். அப்பத்தான் வெளியில இருக்கிறவன் தெரியாம ஆன் பண்ண மாட்டான்."

"தெரியாம யாரு பண்ணப் போறாங்க?" என்றார். குரல் கொஞ்சம் ஏறியிருந்தது. பிறகு அவரே, "போடுங்க, போடுங்க" என்று எழுந்து போய்விட்டார்.

வேலை நடந்த அன்று காலையிலேயே அக்கா பேனலைத் திறந்துவிட்டாள். பேனல் நடையின் கோடியில், இரண்டாம் அறைக் கதவுக்கு எதிர்ச் சுவரில். பழைய கிடங்குக் கதவு. கனமானது. ஓரமெல்லாம் ரப்பர். முக உயரத்தில் வட்டமாக ஒரு கண்ணாடி. அதன்மேல் கறுப்புத் துணி ஒட்டியிருந்தது.

டீ நேரத்தில் வேன்காரர் வந்து உட்கார்ந்தார். பூவைக் கடைகளுக்கு ஏற்றிப் போகிறவர் அவர்தான். பூ இல்லாததால் இப்போது வேனைக் கழுவுவதுதான் வேலை. ஒல்லியான மனிதர். பேசும்போது சிரித்துக்கொண்டே பேசுவார். அந்தச் சிரிப்பு கண்வரை போகாது.

"நீங்க தனியாவா எல்லாம் பண்றீங்க?"

"ஆமாண்ணே."

"என் வீட்டுக்காரியும் இப்படித்தான். ஒரு ஆள் உதவிக்கு வேணும்னு கேட்கவே மாட்டா. இங்கதான் வேலை பார்த்தா. செடி, விளக்கு எல்லாம் அவ பொறுப்பு."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"போன வருஷம் போயிட்டா. ரெண்டாவது ரூம்ல விளக்கு மாத்தப் போயிருக்கா, யார்கிட்டயும் சொல்லாம. முதலாளிக்கே தெரியாது. சாயங்காலம் லைட்டு வந்தப்பதான் பார்த்தாரு." டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "அவசரக்காரி. எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன். அவளா தேடிக்கிட்டா. முதலாளி நல்லவரு, அதுக்கப்புறமும் என்னை வேலையில வெச்சிருக்காரு."

அக்கா பேனலைக் காட்டினாள். "பூட்டு போட்டிருக்கேண்ணே. இனிமே அப்படி ஆகாது" என்றாள்.

முற்பகலில் வேலை முடிந்தது. சோதனைக்காக இரண்டாம் அறை விளக்குகளை ஒரு நிமிடம் எரியவிட்டு, கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். கண்ணுக்கு எட்டின தூரம் வரை பச்சை. முழங்கால் உயரத்துக்கு இலைகள். ஒரு மொட்டுகூட இல்லை. ஆனால் அறையின் கடைசியில், கோடி விளக்குக்குக் கீழே மட்டும், ஒரு கட்டில் அளவு இடத்தில்... வெள்ளை. பூ பூவாக அடைத்துக்கொண்டு பூத்திருந்தது. நடுவில் இருந்த பூக்கள் வாடிக் காய்ந்து, அவற்றுக்கு மேல் புதுசும் பூத்திருந்தது. யாரும் பறித்த அடையாளம் இல்லை.

பூவே இல்லை என்று தலையில் கை வைக்கிற முதலாளி, இருக்கிற பூவை ஏன் பறிக்கவில்லை?

அந்தக் கோடி விளக்கு மட்டும் எரியவில்லை என்பதையும் அப்போதுதான் பார்த்தாள்.

கதவை மூடினாள். இரண்டாம் அறையை அணைத்து, முதல் அறைக்கு மாற்றினாள். வலது கான்டாக்டர் விட்டது, இடது இழுத்தது. இரண்டே சத்தம். சுத்தமான சத்தம். செய்த வேலை சரியாக வந்தால் அக்கா லேசாக விசிலடிப்பாள். அன்றும் அடித்தாள்.

டக்.

விசிலை நிறுத்தினாள்.

டக்... டக்.

பேனலைப் பார்த்தாள். இடது உள்ளே. வலது வெளியே. இரண்டும் அசையவில்லை. கான்டாக்டர்மேல் விரல் வைத்துப் பார்த்தாள். அதிர்வே இல்லை.

டக்... டக்... டக்...

சத்தம் பேனலிலிருந்து வரவில்லை. அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

திரும்பினாள். கதவு. வட்டக் கண்ணாடி. கறுப்புத் துணியின் ஒரு மூலை பிரிந்து தொங்கியது. காலையில் அது ஒழுங்காக ஒட்டியிருந்தது.

அருகில் போய்க் கண்ணை வைத்துப் பார்த்தாள். உள்ளே கும்மிருட்டு. பார்த்துக்கொண்டே இருந்தாள். கோடியில்...

பச்சையாக ஒரு புள்ளி.

தரையிலிருந்து ஒரு ஆள் உயரம். மெதுவாக நகர்ந்தது. நின்றது. கீழே குனிவது போல இறங்கியது. நிமிர்ந்தது. அடுத்த வரிசைக்கு வந்தது.

ஆள் யாரோ வேலை செய்கிறார்கள் என்றுதான் அக்கா முதலில் நினைத்தாள். ஆனால் ஒரு நிமிடம் முன்னால்தான் அந்த அறையை அவள் வெளிச்சத்தில் பார்த்திருந்தாள். உள்ளே ஆள் இல்லை. இருப்பது ஒரே கதவு.

முதலாளியின் அறைக்குப் போனாள்.

"சார், ரெண்டாவது ரூமுக்குள்ள யாராவது இருக்காங்களா?"

"யாருமில்லையே. ஏன்?"

"பச்சையா ஒரு லைட்டு நடமாடுது."

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். பிறகு, "பச்சைன்னு உங்களுக்கு யாரு சொன்னா?" என்றார்.

"யாரும் சொல்லலை. பார்த்தேன்."

பச்சை வெளிச்சம் செடியின் தூக்கத்தை அவ்வளவாகக் கெடுக்காதாம். அதனால் இருட்டு நேரத்தில் உள்ளே போகிறவர்கள் நெற்றியில் ஒரு பச்சை விளக்கைக் கட்டிக்கொண்டு போவார்களாம். அக்காவுக்கு இது பிறகுதான் தெரியும்.

"அந்த விளக்கெல்லாம் எப்பவோ தூக்கிப் போட்டாச்சு" என்றார் முதலாளி. அப்புறம் அவர் முகம் சிவந்தது. "அவன்தான். அந்த வேன்காரன். ரெண்டு சீசனா என் வயித்துல அடிக்கிறது அவன்தான். உள்ள புகுந்து லைட்டடிக்கிறான்."

ஜன்னல் வழியாக முற்றம் தெரிந்தது. வேன்காரர் குழாயைப் பிடித்து வேனின் சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

முதலாளி அதைப் பார்த்தார். பார்த்தும் நிற்கவில்லை. "அப்ப எவன்னு பார்த்துடறேன்" என்று விறுவிறுவென்று நடையில் நடந்தார். பயந்துபோன மனிதன் கோபத்தை ஒரு போர்வை மாதிரி இழுத்துப் போர்த்திக்கொள்வான் என்பாள் அக்கா. அன்று அவர் அப்படித்தான் இருந்தாராம்.

"இருங்க சார்." அக்கா இரண்டாம் அறையின் கைப்பிடி ஸ்விட்சை இறக்கினாள். துளையில் பூட்டைப் போட்டாள். சாவியை நீட்டினாள்.

"நீங்களே வெச்சுக்குங்க. ஒரு நிமிஷ வேலை."

சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். அவர் நடை விளக்கை அணைக்கச் சொன்னார். அத்தனை ஆத்திரத்திலும் செடிமேல் வெளிச்சம் படக் கூடாது அவருக்கு. கதவைத் திறந்து உள்ளே போனார். கதவு தானாக மூடிக்கொண்டது.

அக்கா கைவிளக்கைப் பேனல்மேல் அடித்தபடி நின்றாள்.

உள்ளே அவர் காலடி. தூரமாகிக்கொண்டே போனது.

"எவன்டா அது?" சத்தம் மங்கலாகக் கேட்டது.

பதில் இல்லை.

டக்... டக்... டக்...

கதவில். உள்பக்கத்திலிருந்து.

வெளியே வரத் தட்டுகிறார் என்று நினைத்து அக்கா கதவருகே போனாள். "தள்ளுங்க சார், திறந்துதான் இருக்கு."

டக்... டக்...

அப்போது முதலாளியின் குரல் வந்தது. அறையின் கோடியிலிருந்து. ரொம்ப தூரத்திலிருந்து.

"மேடம்... வெளியிலிருந்து எதுக்குத் தட்டுறீங்க?"

அக்கா கையைக் கதவிலிருந்து எடுத்தாள்.

டக்... டக்... டக்...

"தட்டாதீங்க மேடம்."

"நான் தட்டலை சார்."

உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. தட்டுவதும் நின்றது.

வட்டக் கண்ணாடி பச்சையாக ஒளிர்ந்தது.

கோடியில் அல்ல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம். மிக அருகில். அக்காவின் முகத்துக்கு நேராக, நெற்றி உயரத்தில்.

அது அவளைப் பார்த்ததா என்று தெரியாது. கொஞ்ச நேரம் நின்றது. பிறகு திரும்பியது. அவர் இருந்த பக்கமாக நடந்தது.

நடந்தது இல்லை.

ஓடியது.

பேனலுக்குள் 'டக்' என்று ஒன்று கேட்டது. அக்கா கைவிளக்கைத் திருப்பினாள். இடது கான்டாக்டர் உள்ளே இருந்தது. வலதும் உள்ளே இருந்தது. நடுவில் பூட்டு நாக்கு உடையவில்லை, வளையவில்லை. இருந்த இடத்தில் இருந்தது.

பூட்டைப் பார்த்தாள். பூட்டியபடி தொங்கியது.

சாவியைத் தொட்டாள். பையில் இருந்தது.

கண்ணாடியில் வெள்ளை வெளிச்சம் பாய்ந்தது. இரண்டாம் அறையின் விளக்குகள் அத்தனையும்.

அவர் அலறினார்.

கதவைத் தள்ளினாள். நகரவில்லை. தோளால் முட்டினாள். அந்தப் பக்கம் யாரோ சாய்ந்து நிற்பது போல இருந்தது. அலறல் கேட்டு வேன்காரர் ஈரக் காலோடு ஓடிவந்தார். இருவருமாக முட்டினார்கள். மூன்றாவது முட்டலில் கதவு பஞ்சு மாதிரி திறந்தது.

அறை முழுக்க வெளிச்சம். கோடியில் முதலாளி. அந்தப் பூக்களுக்கு நடுவில், செடி மேடைமேல் ஏறி நின்றுகொண்டு, இரண்டு கையையும் தூக்கி, எரியாத அந்தக் கோடி விளக்கின் ஹோல்டரைப் பிடித்திருந்தார். உடம்பு வில்லாக வளைந்து துடித்தது. பிடியை விட முடியவில்லை.

அறைக்குள் கரண்டு வர வழியே இல்லை என்பது அக்காவுக்குத் தெரியும். ஆனாலும் தொடவில்லை. தொழில் அவளைத் தொட விடவில்லை. "அவரைத் தொடாதீங்க அண்ணே" என்று கத்திவிட்டு, மூலையில் கிடந்த காய்ந்த பலகையை எடுத்து அவர் மணிக்கட்டில் ஓங்கி அடித்தாள். ஒருமுறை. இன்னொரு முறை. கை விட்டது. அவர் பூக்கள்மேல் மல்லாந்து விழுந்தார். தோல் கருகிய வாடை.

விளக்குகள் கதவுப் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக அணைய ஆரம்பித்தன. ஒன்று. அடுத்தது. அதற்கடுத்தது. இருட்டு அவர்களை நோக்கி வந்தது.

கடைசி விளக்கின் வெளிச்சத்தில் முதலாளி கண்ணைத் திறந்தார். அக்காவைப் பார்க்கவில்லை. வேன்காரருக்குப் பக்கத்தில், யாரும் இல்லாத இடத்தைப் பார்த்தார்.

"சொல்லிடறேன்" என்றார். "சொல்லிடறேன். விட்டுடு."

"யார்கிட்ட பேசறீங்க?" என்றார் வேன்காரர்.

"நான்தான் அவளை உள்ள போகச் சொன்னேன். விளக்கு மாத்தச் சொன்னேன். அவ முடிச்சிட்டேன்னு சொல்ற வரைக்கும் எனக்குப் பொறுக்கலை. புது விளக்கு எரியுதான்னு பார்க்க, ரிலேயை விரலால அமுக்கினேன்."

கடைசி விளக்கும் அணைந்தது.

இருட்டில் அவர் அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. வேன்காரர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அக்கா பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வேன்காரர் என்ன செய்தாலும் தடுக்கக் கூடாது என்று ஒரு நிமிடம் தோன்றியதாம் அவளுக்கு.

வேன்காரர் குனிந்து அவரைத் தூக்கித் தோளில் போட்டார்.

"அண்ணே..."

"இவரு சாகக் கூடாது மேடம்" என்றார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "என் பொண்டாட்டி அவளாத் தேடிக்கிட்டான்னு ஊரெல்லாம் சொல்லிட்டு இருந்திருக்கேன் நான். இவரு இதை எல்லார் முன்னாடியும் இன்னொரு வாட்டி சொல்லணும். அது வரைக்கும் இருக்கணும்."

பூ ஏற்றுகிற வேனில் அவரை ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனார். வழியில் ஒரு சிக்னலில்கூட நிற்கவில்லையாம்.

முதலாளி பிழைத்தார். இரண்டு உள்ளங்கையிலும் ஹோல்டரின் வட்டம் பதிந்துபோனது. விரல்கள் மடங்கினது மடங்கினதுதான், பிறகு நிமிரவே இல்லை. அக்கா மறுநாள், மெயின் சப்ளையையே துண்டித்துவிட்டு, ஆட்கள் இரண்டு பேரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, பேனலைக் கழற்றிவந்தாள். பட்டறையில் வைத்து எல்லாச் சோதனையும் செய்தாள். ஒரு கோளாறும் இல்லை. இரண்டு கான்டாக்டரையும் ஒன்றாக இழுக்க வைக்க அவள் என்னென்னவோ செய்து பார்த்தாள். சுத்தியலால்கூடத் தட்டிப் பார்த்தாள். நாக்கு குறுக்கே நின்றது. பூட்டின் வழியாக ஒரு துளி கரண்டு கசியவில்லை. இன்று வரைக்கும் அவளிடம் அதற்கு விளக்கம் கிடையாது.

விசாரணை நடந்தது. அக்காவும் சாட்சிக்குப் போனாள். முதலாளி கட்டுப் போட்ட கைகளோடு உட்கார்ந்து, யாரும் கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பூக்கள்மேல் கிடந்தபோது சொல்லாத ஒன்றையும் அன்று சொன்னார்.

ரிலேயை அமுக்கினதும் உள்ளே அவள் விழுந்த சத்தம் கேட்டதாம். ஓடிப்போய்க் கதவைத் திறக்கப் போனாராம். அதற்குள் உள்ளேயிருந்து தட்டும் சத்தம் வந்ததாம். உயிரோடுதான் இருக்கிறாள் என்று தெரிந்தது. கைப்பிடியில் கையும் வைத்துவிட்டார். அப்போதுதான் யோசித்தாராம். திறந்தால் வெளியே வந்து யாரிடம் என்ன சொல்வாள்?

திறக்கவில்லை. கதவை வெளியே தாழ் போட்டார். நடையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவள் தட்டிக்கொண்டே இருந்தாளாம். நிறுத்தி நிறுத்தி. மத்தியானம் முழுக்க. மாலை ஆறு மணிக்கு விளக்கு மாறுகிற வரைக்கும்.

"ஒவ்வொரு தட்டும் எனக்கு இப்பவும் கேட்குது" என்றார்.

அந்த அம்மாவின் உடலைப் பரிசோதித்த டாக்டரும் அங்கே இருந்தார். வயதானவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, இதில் ஏதோ தப்பு இருக்கிறது என்றார்.

"அந்த அம்மா விழறதுக்கு முன்னாடியே இதயம் நின்னுடுச்சு. கரண்டு பாய்ஞ்ச அந்த நொடியிலேயே. அதுக்கப்புறம் அந்தக் கை எதையும் தட்டியிருக்க முடியாது. அதுவும் உடம்பு கிடந்தது ரூமோட கடைசியில. கதவுக்கு அவங்க வரவே இல்லை."

முதலாளி, "இல்லை, ஆறு மணி வரைக்கும் தட்டினா" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

வேன்காரர் அக்காவுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். டாக்டர் சொன்னதைக் கேட்டு அவர் திகைக்கவில்லை. மெதுவாகத் தலையை ஆட்டினார். அன்றுதான் அவர் கண்வரை சிரித்ததை அக்கா பார்த்தாளாம்.

"தட்டியிருப்பா மேடம்" என்றார். "அவ அப்படித்தான். திறக்கிற வரைக்கும் விட மாட்டா."